30 குஞ்சுக்கு 250 வாட் பல்ப் வேண்டுமா?

டிசம்பர் 9, 2022. கேள்வி

அக்கா, பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சு 30 சொல்லி வைத்துவிட்டேன், எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி. நாளைக்குக் கையில் வரும். திருப்பூரில் வாடகை வீடு, பின்பக்கம் ஒரு சின்ன அறை காலியாக இருக்கிறது. கடைக்காரர் 250 வாட் சிவப்பு பல்ப்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதி செத்துவிடும் என்கிறார். பல்ப், மூடி எல்லாம் சேர்த்து விலை என் கைக்கு அடங்கவில்லை. கரண்ட் பில்லை நினைத்தாலும் பயம், இராத்திரி தீப்பிடித்துவிடுமோ என்று அம்மாவுக்கு அதைவிடப் பயம். வேறு வழி உண்டா?

டிசம்பர் 9, 2022, இரவு

தம்பி, அந்தப் பல்பை வாங்காதே. வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடு.

கணக்கைப் பார். குளிர்காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட், வெயில் காலத்தில் 1 வாட் என்பது கோழி வளர்க்கிறவர்கள் காலகாலமாகச் சொல்லும் கணக்கு. 30 குஞ்சுக்கு மார்கழிக் குளிரில் 60 வாட் போதும். 60 வாட் குண்டு பல்ப் ஒன்று, பழைய மஞ்சள் வெளிச்சம் தருமே, அது. எல்இடி எடுத்துவிடாதே, அது வெளிச்சத்துக்கு ஆனது, குஞ்சுக்குத் தேவையான சூடு அதில் வராது. குண்டு பல்ப் குடிக்கும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. வீட்டு விளக்காக அது அதன் குறை, நமக்கு அதுதான் வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, பழைய எலக்ட்ரிக்கல் கடையில் கேள். இரண்டாக வாங்கு, ஒன்று பியூஸ் ஆனால் நடு ராத்திரியில் எங்கே போவாய்?

பில்: 250 வாட் பல்ப் இராப்பகலாக எரிந்தால் ஒரு நாளைக்கு 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டை 17 நாளில் தின்றுவிடும். 60 வாட் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு, மூன்று வாரத்துக்கு 30 யூனிட் வரும்.

250 வாட் பல்ப் நூற்றுக்கணக்கில் குஞ்சு விடுகிற கொட்டகைக்கு ஆனது. அங்கே குஞ்சு சூட்டைவிட்டு விலகி நடக்க இடம் இருக்கும். உன்னுடைய சின்னப் பெட்டியில் குஞ்சு எங்கே போகும்? நான் இதைச் சும்மா சொல்லவில்லை. 2016இல் 40 குஞ்சை ஒரு டிவி அட்டைப்பெட்டியில் விட்டு மேலே 250 வாட் தொங்கவிட்டுத் தூங்கப் போனேன். குளிரில் சாகக் கூடாதே என்ற பயம்தான். காலையில் 9 குஞ்சு செத்துக் கிடந்தன, பல்புக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்து மூலையில், அலகைத் திறந்தபடி, இறக்கையை விரித்தபடி, ஒன்றின்மேல் ஒன்றாக. மற்றவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பல்புக்குப் பக்கத்து அட்டை காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. சூடு போதாமல் செத்ததைவிட சூடு தாங்காமல் என் கையில் செத்த குஞ்சுதான் அதிகம்.

டிசம்பர் 10, 2022, காலை

முக்கியமானதை விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் ஹோல்டர் வேண்டாம். வீட்டில் நாலு மணி நேரம் எரியும் பல்புக்கு அது தாங்கும், 24 மணி நேரமும் எரிந்தால் இளகி, வெடித்து, பல்ப் கழன்று விழும். பீங்கான் ஹோல்டர் வாங்கு. நீளத்துக்கு ஒட்டுப்போட்ட ஒயர் வேண்டாம், ஒரே ஒயர் பிளக் வரை.

டிசம்பர் 10, 2022, மதியம்

மாட்டுகிற விதம். கிளிப் போட்ட விளக்கை நம்பாதே. ஒருமுறை கிளிப் வழுக்கி விளக்கு உமிமேல் சாய்ந்துவிட்டது. கருகல் வாடையில் நான் எழுந்து ஓடியபோது தட்டு அளவுக்கு உமி கருகி நடுவில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. அன்றிலிருந்து இரண்டு கட்டுத்தான். கூரைக் கொக்கியிலிருந்து சங்கிலி ஒன்று, அது அறுந்தாலும் பிடிக்க கட்டுக்கம்பி தனியாக ஒன்று. ஒயரில் தொங்கவிடுவது கூடவே கூடாது.

மூடிக்குக் காசு செலவழிக்காதே. என்னிடம் இருப்பது அடி ஓட்டை விழுந்த அலுமினியப் பேசின். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி ஹோல்டரை அதில் இறக்கிக் கவிழ்த்துவிட்டேன். சூடு மேலே போகாமல் கீழே இறங்கும். மூங்கில் கூடை, பிளாஸ்டிக் டப் இதையெல்லாம் மூடியாகப் போடாதே.

பெட்டிக்குப் பதில் வட்டமாக வளை. ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டினால் போதும். மூலை இருந்தால் குஞ்சுகள் குளிருக்கு அங்கே போய் நெருக்கிக்கொள்ளும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது, குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். கீழே உமி இரண்டு அங்குலம். வெறும் பேப்பர் விரித்தால் வழுக்கிக் கால் விரிந்துபோகும். முதல் இரண்டு நாள் உமிமேல் பழைய பருத்தித் துணி போட்டுக்கொள்ளலாம், உமியைத் தீனி என்று கொத்தாமலும் இருக்கும்.

டிசம்பர் 12, 2022

தம்பி போன் செய்தான். தெர்மாமீட்டரில் 95 வரவில்லை, 90தான் காட்டுகிறது, என்ன செய்வது என்று ஒரே பதற்றம். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறை என்பது புத்தகக் கணக்கு. தப்பில்லை. ஆனால் அது பல்புக்கு நேர் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில் இருக்க வேண்டிய சூடு. அறை முழுக்க 95 வைத்தால் வெந்துவிடும். வளையத்தின் மறு ஓரம் குளுமையாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீரும் தீவனமும் இருப்பது அங்கே.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: குஞ்சு என்ன செய்கிறது? "பரவலாப் படுத்திருக்குங்க அக்கா, சிலது மேயுது" என்றான். அப்புறம் என்ன, தெர்மாமீட்டரைத் தூக்கி அலமாரியில் வை என்றேன். பல்புக்கு அடியில் குவியலாக நெருக்கிக்கொண்டு கூச்சலாகக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, கதவிடுக்கைப் பார். சத்தமே தனி. நிம்மதியாக இருக்கும் குஞ்சு மெல்ல முனகுகிற மாதிரி ஒரு சத்தம் போடும், நாலு நாள் கேட்டால் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டே தெரிந்துவிடும்.

இராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒருதடவை எழுந்து பார். முதல் மூன்று நாள் மட்டும். அந்த நேரத்துக் குளிர்தான் உண்மையான சோதனை.

டிசம்பர் 15, 2022

இரண்டு பேர் தணல் சட்டி வைக்கலாமே, கரண்ட் செலவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். மூடிய அறைக்குள் கரி, தணல், உமி அடுப்பு எதுவும் வேண்டாம்.

என் மாமியார் அப்படித்தான் வளர்த்தார். மண்சட்டியில் அடுப்புத் தணலை அள்ளிப் போட்டு மேலே சாம்பலைத் தூவி, சுற்றிக் கம்பி வலை கட்டி நடுவில் வைப்பார். ஒரு குஞ்சு செத்ததில்லை. அதே சட்டியை நான் 2014 தையில் எங்கள் புது காங்கிரீட் வீட்டு அறையில் வைத்தேன். குளிர் என்று ஜன்னலையும் சாத்தினேன். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், தலை பாரமாகி குமட்ட ஆரம்பித்தது. எழுந்து பார்த்தால் குஞ்சுகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடக்கின்றன. வாசலுக்கு எடுத்து ஓடினேன், 5 தப்பிக்கவில்லை. புகையே இல்லை, வாடையும் இல்லை. கார்பன் மோனாக்சைடு அப்படித்தான், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

மாமியார் கையில் மந்திரம் ஒன்றும் இல்லை, அவருடையது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. வாயு நிற்காமல் மேலே போய்விடும். நாம் வீட்டை மாற்றிவிட்டோம், சட்டியை மாற்றவில்லை. பறவைகளின் மூச்சு நம்மைவிட வேகமாக நஞ்சை உள்ளே இழுக்கும், பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 1986 வரை கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோனதே அதனால்தான். குருவி சாய்ந்தால் ஆள் வெளியே ஓடலாம். நம் வீட்டில் குஞ்சு சாய்ந்த பிறகு பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையை யார் எழுப்புவது? கரண்ட் பில்லுக்குப் பயந்து இதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து.

டிசம்பர் 18, 2022

முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். 60 வாட் போதும் என்றேன். தம்பியின் குஞ்சுகள் மூன்று நாளாகச் சாயங்காலம் மட்டும் கத்துகின்றனவாம், பகலில் சரியாக இருக்கின்றனவாம். எனக்கும் முதலில் பிடிபடவில்லை. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன், 180 வோல்ட். நாம் 230க்குக் கணக்குப் போடுகிறோம். 180இல் எரியும் 60 வாட் பல்ப் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 40 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். பல்ப் மங்கலாகச் சிவந்து எரிந்தாலே புரிந்துகொள்ளலாம். எனவே லோ வோல்டேஜ் இருக்கும் தெருவில் 100 வாட் மாட்டி உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது. சங்கிலி சொன்னது அதற்கும்தான், ஒரு கண்ணி மேலே, ஒரு கண்ணி கீழே. 60 வாட்டை ஓரடி உயரத்தில் தொடங்கலாம், 100 என்றால் ஒன்றரை அடி.

ஆனால் 100 மாட்டினால் வோல்டேஜ் ஏறும் விடியற்காலையில் கவனம். இதற்கு எனக்குத் தெரிந்த சுலப வழி 60 ஒன்றும் 40 ஒன்றும் தனித்தனி சுவிட்சில் மாட்டுவது. ஒன்று பியூஸ் ஆனாலும் மற்றது காக்கும். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 28, 2022

தம்பியிடம் 30இல் 28 இருக்கின்றன. ஒன்று வந்த அன்றே சோர்ந்திருந்தது, இன்னொன்று தண்ணீர்த் தட்டில் விழுந்து நனைந்துவிட்டது. தட்டில் கூழாங்கல் போடச் சொல்ல மறந்தது என் தப்பு.

மூன்றாவது வாரம். இறக்கையில் இறகு வந்தாயிற்று, பகலில் பல்பை அணைக்கலாம். திடீரென்று முழுக்க நிறுத்தாதே. முதலில் மதியம், அப்புறம் பகல் முழுக்க, கடைசியில் இராத்திரி.

எச்சம் பின்பக்கம் ஒட்டிக் காய்கிறது என்று கேட்டிருந்தாய். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடு, பிய்த்து இழுக்காதே, தோல் வந்துவிடும். சூடு ஏறி இறங்கினால் இது வரும்.

ஜனவரி 20, 2023

இந்த முறை எனக்கு 20 குஞ்சுதான், ஒரு பரிசோதனை செய்தேன். அடியில் துளை உள்ள மண் பூந்தொட்டி, அதைக் கவிழ்த்து, துளை வழியாக ஒயர் இறக்கி, பீங்கான் ஹோல்டரில் 40 வாட் பல்ப். பல்ப் மண்ணைத் தொடவில்லை, அடியில் மூன்று ஓட்டுச் சில்லு முட்டுக் கொடுத்துத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி, தொட்டிக்குக் கீழே மட்டும் உமி இல்லாமல் ஒரு செங்கல் தளம். அரை மணி நேரத்தில் தொட்டி சூடேறியது, கை வைத்தால் சுடாது, ஆனால் கையை எடுக்க மனம் வராது. குஞ்சுகள் தாயின் வயிற்றில் ஒட்டுகிற மாதிரி தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாகப் படுத்தன. பல்பைக் குஞ்சு தொட வழியில்லை, விழுந்து உடைய வழியில்லை, வெளிச்சம் கண்ணை உறுத்தாததால் ஒன்றையொன்று கொத்துவதும் குறைவு. கரண்ட் போனாலும் தொட்டி கொஞ்ச நேரம் சூட்டை வைத்திருக்கும்.

இருட்டாக இருப்பதால் முதல் நாட்களில் தீவனம் தெரிய ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப் தனியாக வேண்டும்.

ஜனவரி 23, 2023

தொட்டியைப் பற்றி ரொம்பப் பெருமையாக எழுதிவிட்டேன். நேற்று விடியற்காலை நல்ல பனி, ஒரு பக்கத்தில் மட்டும் குவிந்திருந்தன. தொட்டி சூடாக இருக்கிறது, ஆனால் முதுகின் மேல் பக்கம் குளிர்கிறது. வளையத்தின் மேல் பாதியைச் சாக்கால் மூடினேன், பல்புக்கு எட்டாத பாதியில். சரியாயிற்று. 20 குஞ்சுக்குமேல் ஒரு தொட்டி போதாது என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 16, 2023

கோடைக்கு மேலே உள்ள எதையும் அப்படியே பின்பற்றாதீர்கள். எங்கள் தாராபுரம் பக்கம் பகலில் நிழலிலேயே குஞ்சுக்கு வேண்டிய சூடு இருக்கிறது. அட்டவணையில் முதல் வாரம் பல்ப் என்று இருக்கிறதே என்று பக்கத்துத் தோட்டத்து அம்மிணி பகலிலும் எரியவிட்டு ஒரே மதியத்தில் பத்துப் பன்னிரண்டு இழந்துவிட்டார். என்னிடம் வந்து அழுதார், எனக்கு அந்த 2016 காலைதான் நினைவுக்கு வந்தது. சித்திரையில் பல்ப் இராத்திரிக்கு மட்டும், அதுவும் குஞ்சு கேட்டால். பகலில் தண்ணீரை இரண்டு தடவை மாற்றுங்கள்.

ஜூலை 30, 2023

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊர் ஜன்னலில் விசில் அடிக்கிறது. வெயில் இருக்கிறது, குளிரே இல்லை, ஆனாலும் குஞ்சு நடுங்குகிறது. சூட்டைக் கூட்டுவதற்கு முன்னால் காற்றைத் தடுங்கள். வளையத்தைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு சாக்கு கட்டினேன், பல்ப் அதே 60தான், போதும். மேலே மட்டும் திறந்திருக்க வேண்டும், எச்ச வாடை உங்கள் கண்ணைக் கரித்தால் குஞ்சுக்கு அதைவிட மோசம்.

செராமிக் ஹீட்டர் எப்படி என்று கேட்டவருக்கு: என் மகன் வாங்கிக் கொடுத்தான், பாம்பு, ஆமை வளர்க்கிறவர்கள் பயன்படுத்துவது. வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும், நீண்ட நாள் வருகிறது. திருகு ஹோல்டர் வேண்டும், நம் வீட்டு ஊசி ஹோல்டரில் மாட்ட முடியாது. ஒளிராததால் அணைந்திருக்கிறது என்று நினைத்துத் தொட்டுவிடுவோம், எனக்கு இரண்டு விரல் கொப்பளித்தது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் சுற்றிலும் கம்பிவலை கட்டாமல் வைக்காதீர்கள்.

இன்னொன்று, "உடையாத பல்ப்" என்று மேலே பூச்சு பூசி விற்பதைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். சிலவற்றில் டெஃப்லான் வகைப் பூச்சு, அது மிகவும் சூடானால் வரும் ஆவி பறவைகளைக் கொன்றுவிடும். அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவும் அப்படியே. சமையலறைக்குப் பக்கத்தில் குஞ்சு வைத்திருந்தால் தவாவை மறந்துவிட்டு டிவி பார்க்கப் போகாதீர்கள்.

நவம்பர் 14, 2023

மழை. கரண்ட் மாலை 6க்குப் போனது, இரவு 11க்கு வந்தது. 25 குஞ்சு, ஐந்து நாள். இன்வெர்ட்டர் இல்லை. எவர்சில்வர் தூக்கில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்கில் சுற்றி நடுவில் வைத்தேன், குஞ்சை எல்லாம் பனையோலைக் கூடைக்கு மாற்றி மேலே மெல்லிய பருத்தித் துணி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீர் மாற்றினேன். 25 குஞ்சும் இருக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிநீர் ஊற்றாதீர்கள், நெளிந்து ஒழுகினால் நனைந்த குஞ்சு பிழைக்காது. மெழுகுவர்த்தியை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள்.

ஜனவரி 11, 2024

தம்பி இந்த வருடம் 12 குஞ்சுதான் வாங்கப்போகிறானாம், என்ன பல்ப் என்று கேட்கிறான். உன்னிடம் இப்போது பெரிய கோழி இருக்கிறதே, ஏதாவது அடை உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று பத்துப் பதினைந்து நாளாக வெறும் கூடையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம்.

இத்தனை நாள் வாட் கணக்கு எழுதினேன், இதை முதலில் எழுதியிருக்கலாம். சிறுவிடைக் கோழிபோல அடை உட்காரும் கோழி அபூர்வம். குஞ்சு ஒரு நாள், இரண்டு நாள் வயதில் இருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகு, டார்ச் அடிக்காமல், ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து விட வேண்டும். விடியும்போது பக்கத்தில் இருந்து பார், கொத்தினால் உடனே எடுத்துவிடு. எல்லாக் கோழியும் ஏற்காது, அதற்காகத் தொட்டியும் பல்பும் தயாராக இருக்கட்டும். ஏற்றுக்கொண்டால் பஞ்சாரத்துக்குள், எங்கள் பக்கம் கொடாப்பு என்போம், தாயையும் குஞ்சையும் சேர்த்துக் கவிழ்த்துவிடு, ஒரு வாரத்துக்கு.

ஜனவரி 14, 2024

இராத்திரி 9 மணிக்கு விட்டானாம். முதல் குஞ்சுக்குக் கோழி உறுமியது, இரண்டாவதுக்கு இறக்கையைக் கொஞ்சம் தூக்கியது, அப்புறம் சத்தமே இல்லை. காலையில் பார்த்தால் கோழி மட்டும்தான் தெரிகிறது, குஞ்சைக் காணோம் என்று பயந்து போன் செய்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்து இறகுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்ததாம். 12ம் உள்ளேதான் இருக்கின்றன.